தெளியாத சேறு: போர்வெல் தண்ணீரில் களரான ஆறு மா நிலம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் விவசாயி, அவர் பக்கத்து வயலைக் குத்தகைக்குப் பார்ப்பவர், நடவுக்கு ஆள் கூட்டி வரும் அம்மா, எல்லோரும் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். அதனால் பெயரும் ஊரும் வேண்டாம். வேளாண் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் 2019 முதல் இந்த நிலத்தோடு எனக்குத் தொடர்பு உண்டு. இதில் நடந்த தவறுகளில் இரண்டு என்னுடையவை. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி

காவிரியின் கிளையான வெண்ணாறு நீடாமங்கலம் வந்ததும் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று மூன்றாகப் பிரிகிறது. கோரையாற்றில் தண்ணீர் வாங்கும் ஒரு வாய்க்காலின் கடைசிப் பகுதியில் இந்த ஊர் இருக்கிறது. தலைப்பில் தண்ணீர் திறந்தால் இங்கே வந்து சேர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சில வருடம் வராமலே போகும்.

விவசாயிக்கு மொத்தம் 14 மா. தஞ்சாவூர்க் கணக்கில் 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். அதில் தெற்கே தாழ்ந்து கிடக்கிற 6 மா, ஏறத்தாழ இரண்டு ஏக்கர், இந்த ஆய்வுக்குரிய நிலம். நல்ல களிமண். அவருடைய அப்பா காலத்தில் குறுவை, தாளடி என்று இரண்டு நெல், அப்புறம் உளுந்து என்று மூன்று போகம் விளைந்த இடம். நல்ல வருடத்தில் மாவுக்கு 10 மூட்டை கண்டிருக்கிறது. மூட்டை என்றால் 60 கிலோ.

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்க வேண்டும் என்பது டெல்டாவின் வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருடமும் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2012இல் செப்டம்பர் 17, 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2. ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குறுவை வைக்க வழியில்லை. 2012 கோடையில் இவர் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார். 200 அடிக்கும் கீழே தண்ணீர் நன்றாக வந்தது. மின்சாரம் இலவசம். எட்டு வருடமும் குறுவையை முழுக்க போரிலேயே எடுத்தார். சம்பாவுக்கும் தொடக்கத் தண்ணீர் போர்தான். ஊரில் போர் போட்டவர்கள் எல்லோரும் செய்தது இதைத்தான். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தண்ணீர் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை என்பதால் நல்ல தண்ணீர் என்று நினைத்தார்கள்.

முதலில் தெரிந்தவை

2017-18 சம்பாவில் தெற்குப் பங்கு மாவுக்கு 7 மூட்டைக்கு இறங்கியது. அடுத்த வருடம் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. எங்கள் பக்கம் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்த இரவு அது. அந்தச் சம்பாவில் 5 மூட்டை வந்ததற்குப் புயலைக் காரணம் சொன்னோம். வடக்கே இருக்கிற 8 மாவும் அதே புயலைத்தான் வாங்கியது, அங்கே 8 மூட்டை வந்தது. இந்த வித்தியாசத்தை அன்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை.

2019 சம்பாவில் நட்டு இருபதாம் நாள் பயிர் நின்றுவிட்டது. தூர் கட்டவில்லை. இலையில் துரு நிறத்தில் புள்ளிகள், இளம் இலையின் அடியில் நடு நரம்பு வெளுத்திருந்தது. மருந்துக் கடையில் இலையைக் காட்டினார். பூஞ்சாணம் என்று ஒரு மருந்து, பூச்சி என்று ஒரு மருந்து, பத்து நாள் கழித்து இரண்டையும் கலந்து மறுபடி. மூன்று தெளிப்பு. அதற்கு மேல் ஒரு மூட்டை டி.ஏ.பி. உரம். பயிர் அசையவில்லை.

அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, ஒரு தடவை வந்து பாருங்க, என்னான்னே புரியல” என்றார். போய்ப் பார்த்தேன். அந்தப் புள்ளி துத்தநாகக் குறைதான், அதில் சந்தேகமில்லை. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து போடச் சொன்னேன். பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா என்று தெளிக்கவும் சொன்னேன். ஒரு வாரத்தில் பச்சை திரும்பியது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். பதினைந்தாம் நாள் மறுபடி பழுப்பு ஏறிவிட்டது. மாவுக்கு 4 மூட்டை வந்தது.

என் முதல் தவறு இது. துத்தநாகம் குறைந்திருக்கிறது என்று கண்டவன், ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை. மண்ணில் களர் ஏறினால், அதாவது சோடியம் மிகுந்து காரத்தன்மை கூடினால், இருக்கிற துத்தநாகத்தையே வேர் எடுக்க முடியாது. போடுகிற யூரியாவிலும் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். நான் இலைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நடவு ஆட்கள் சொன்னது

2020 ஜனவரியில் அறுவடைக்குப் பத்து நாள் முன்னால், ஈரம் காயுமுன் நெல்லுக்குள் உளுந்து தெளித்தார்கள். டெல்டாவில் வழக்கமாகச் செய்வதுதான். வடக்கு வயலில் பாய் விரித்தது போல முளைத்தது. தெற்கில் திட்டுத் திட்டாக மொட்டை. பிப்ரவரி கடைசியில் அந்த மொட்டைத் திட்டில் நின்றபோது மண் மேலே ஓடு கட்டியிருந்தது. கால் வைத்தால் சில்லாக உடைந்தது. ஆங்காங்கே கறுப்பாக எண்ணெய் பூசியது போல ஒரு படிவு. உவர் நிலத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். இது அந்த ரகம் இல்லை.

அன்று வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், நடவுக்கு ஆள் கூட்டி வருகிற அம்மா. அவரிடம் பேச்சுக்குத்தான் கேட்டேன், இந்த வயலில் நடும்போது ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று. அவர் சொன்னதை அன்றே நோட்டில் எழுதி வைத்தேன்.

“இந்த வயல்ல மட்டும் சேறு தெளியாது சார். மத்த வயல்ல சேடை ஓட்டி ராத்திரி விட்டா காலையில தண்ணி கண்ணாடியா நிக்கும். இங்க நட்டு நாலு நாளு ஆனாலும் காப்பித் தண்ணி மாதிரி கலங்கியே கெடக்கும். ஊனுற அன்னைக்குக் கொழகொழன்னு இருக்கும், தண்ணி வத்துனா வெரலு போவாது. ரெண்டு மூணு வருசமா நாங்க சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

சேடை என்றால் நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேறாக்கி உழுவது. வரப்பில் நின்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. களர் மண்ணின் முதல் அடையாளம் அதுதான். களித்துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பிரிந்து மிதப்பதால்தான் தண்ணீர் தெளியவில்லை. அதே துகள்கள் காயும்போது துளைகளை அடைத்துக்கொண்டு சிமெண்டாக இறுகுகின்றன.

டம்ளரும் பரிசோதனையும்

அன்றே ஒரு சின்ன சோதனை செய்தோம். இதை யாரும் வீட்டில் செய்யலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர். போர் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அதில் கரைந்திருக்கிற உப்பு முடிவை மாற்றிவிடும். வடக்கு வயலில் காய்ந்த கட்டி ஒன்று, தெற்கில் ஒன்று, இரண்டும் புளியங்கொட்டை அளவு. மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, டம்ளரை ஆட்டாமல், கலக்காமல் விட்டோம். வடக்குக் கட்டி உதிர்ந்து அடியில் மணலாகக் குவிந்தது, மேலே தண்ணீர் தெளிவாக நின்றது. தெற்குக் கட்டியைச் சுற்றிப் பத்து நிமிடத்தில் புகை போல ஒரு வளையம் கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் டம்ளர் பாதி பால் போல ஆகிவிட்டது. விவசாயியின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணியத்தான் எட்டு வருசமா பயிரு குடிச்சுதா?” என்று கேட்டார்.

மண் மாதிரி எடுத்தோம். மொட்டைத் திட்டில் ஒன்று, பயிர் இருந்த இடத்தில் ஒன்று எனத் தனித்தனியாக எடுத்தோம். இரண்டையும் கலந்திருந்தால் சராசரிதான் வந்திருக்கும், நோய் தெரிந்திருக்காது. ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்தோம். போரை அரை மணி நேரம் ஓடவிட்டு ஒரு பாட்டிலில் தண்ணீரும் பிடித்தோம். சாதாரண மண் பரிசோதனையில் கார அமில நிலையும் (pH) உப்பின் அளவும் வரும். களரைச் சரிசெய்யப் போடும் ஜிப்சம் எவ்வளவு தேவை என்பதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பொது முடக்கத்தால் முடிவு கைக்கு வர ஜூன் தொடக்கம் ஆகிவிட்டது.

மொட்டைத் திட்டில் கார அமில நிலை 9.1. மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு நூற்றுக்கு 28. எட்டரைக்கு மேல் கார நிலையும் பதினைந்துக்கு மேல் சோடியமும் இருந்தால் களர் என்பது கணக்கு. மொத்த உப்பு குறைவு, அதனால்தான் வெள்ளையாகப் பூக்கவில்லை. தண்ணீரில்தான் விஷயம் இருந்தது. எஞ்சிய கார்பனேட் என்று ஒரு அளவு உண்டு, தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் போக மிஞ்சுகிற கார்பனேட், பைகார்பனேட்டின் கணக்கு. அது லிட்டருக்கு 2.5 மில்லி சமானத்துக்கு மேல் போனால் பாசனத்துக்கு ஆகாது. இந்தப் போரில் 6.

நடந்தது இதுதான். போர் தண்ணீரில் வரும் பைகார்பனேட், மண்ணில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை (கால்சியம்) பிடித்துச் சுண்ணாம்புக் கல்லாக ஆக்கி ஒதுக்கிவிடுகிறது. காலியான இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு போகத்தில் தெரியாது. எட்டுக் குறுவை என்றால், அதுவும் தண்ணீர் வடியாத தாழ்ந்த வயல் என்றால், தெரிந்தே தீரும். வடக்கு வயல் மேடு. மழைக்காலத்தில் கழுவிக்கொண்டு வடிந்துவிடும். அதே போர், அதே தண்ணீர், அங்கே தப்பித்ததற்கு அதுதான் காரணம்.

முதல் முடிவு, முதல் தோல்வி

2020இல் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்றே திறந்தார்கள். எட்டு வருடத்துக்குப் பின் நல்ல தண்ணீர் சரியான நேரத்தில் வருகிறது, விடக் கூடாது என்று அவசரப்பட்டோம். பரிசோதனைப்படி ஏக்கருக்கு 3 டன் ஜிப்சம் தேவை. அதில் பாதி போட்டால் போதும் என்பதுதான் பரிந்துரை. ஏக்கருக்கு ஒன்றரை டன், மொத்தம் 3 டன். மண்வெட்டியால் பரப்பி, ஆற்றுத் தண்ணீர் கட்டி, சேடை ஓட்டினோம்.

ஜிப்சத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, சோடியத்தை மண்ணிலிருந்து தள்ளிவிடும். தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரில் கரைந்து நிற்கும். அந்தத் தண்ணீர் வயலை விட்டு வெளியே போக வேண்டும். போகவில்லை. தெற்குப் பங்குக்கு வடிகால் என்று ஒன்று இருந்தது உண்மை. நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டி, நடுவில் பக்கத்து வயல்காரர் வரப்பை உயர்த்திக் கட்டி, அது தூர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. கட்டிய தண்ணீர் அங்கேயே நின்று வெயிலில் வற்றியது. சோடியமும் அங்கேயே மறுபடி படிந்தது. 2021 ஜனவரியில் பருவம் தப்பி அடித்த மழையில் கதிர் வந்த பயிருக்குள் ஆறு நாள் தண்ணீர் நின்றது. மாவுக்கு 5 மூட்டை.

என் இரண்டாவது தவறு இது. ஜிப்சம் எவ்வளவு, எப்போது என்று கணக்குப் போட்ட நான், அது கழுவிப் போகிற வழியை நடந்து போய்ப் பார்க்கவில்லை. மூன்று டன் ஜிப்சத்தின் பணமும் ஒரு வருடமும் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்.

வடிகால்

2021 மார்ச்சில் வேலையைத் தலைகீழாகத் திருப்பினோம். வடிகால் முதலில், மற்றது பிறகு.

கிராம நிர்வாக அலுவலகத்தில் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்கிப் பார்த்ததில் பழைய வடிகால் கோடு தெளிவாக இருந்தது. உரிமை இருக்கிறது என்று வெட்டிவிடலாம். விவசாயியின் மருமகனுக்கு அந்த எண்ணம்தான். நான் வேண்டாம் என்றேன். பக்கத்து வயலைச் சாகுபடி செய்பவர் குத்தகைக்காரர், நிலக்காரர் சென்னையில். வரப்பைத் தொட அவருக்கே அதிகாரம் கிடையாது. இரண்டு குடும்பத்துக்கும் ஒரு கல்யாணப் பேச்சில் வந்த மனத்தாங்கல் வேறு. “நான் கட்டுன வரப்ப வெட்டினா என் தண்ணி போவுமே, யாரு பதில் சொல்றது?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

நான்கு முறை போய்ப் பேசினோம். கடைசியில் வரப்பை வெட்டாமல் அதன் அடியில் சிமெண்ட் குழாய் பதிப்பது, அவர் பக்கம் ஒரு பலகை மதகு வைப்பது, அதைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில் என்று முடிவானது. நிலக்காரரிடம் போனில் குத்தகைக்காரரே பேசினார். குழாய்ச் செலவு இவருடையது, காட்டாமணக்கு வெட்டிய கூலி பாதிப் பாதி. அவருடைய வயலிலும் மழைத் தண்ணீர் தேங்கிக்கொண்டுதான் இருந்தது என்பது பேச்சு முற்றிய பிறகுதான் வெளியே வந்தது. வயலுக்குள் தெற்கு வரப்பை ஒட்டி இரண்டு அடி ஆழத்தில் ஒரு வாய்க்காலும் எடுத்தோம். களிமண்ணில் மேலோட்டமாகத் தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீருக்கும் கசிந்து வெளியேற இடம் வேண்டும்.

ஒரு போகத்தை விட்டது

2021இலும் ஜூன் 12 தண்ணீர் வந்தது. அந்த ஆறு மாவில் மட்டும் குறுவை வைக்கக் கூடாது என்பது அடுத்த முடிவு. இது சொல்ல எளிது. குறுவைப் பணத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு நடக்கும். வடக்கு வயலில் குறுவை இருந்ததால்தான் அவரால் இதற்குச் சம்மதிக்க முடிந்தது. நிலம் முழுக்கக் களரான ஒருவரிடம் இதே யோசனையைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

மீதி ஜிப்சமாக ஏக்கருக்கு ஒரு டன் போட்டு உழுது, நாலு விரற்கடைக்கு மேல் தண்ணீர் கட்டி, மூன்று நாள் நிறுத்தி, மதகைத் திறந்து வடித்தோம். இப்படி மூன்று தடவை. முதல் முறை குழாயில் வந்த தண்ணீர் கறுப்பு டீ நிறம். மூன்றாவது முறை கலங்கல் பாதியாகக் குறைந்திருந்தது. ஜூலை இரண்டாம் வாரம் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு தெளித்தோம். களரில் முளைத்து வரக்கூடிய செடி அது. வேர் இறுகிய மண்ணைத் துளைக்கும். மடக்கி உழுதால் மட்கும்போது வெளிவரும் கரியமிலம், மண்ணில் கல்லாக ஒதுங்கியிருக்கிற சுண்ணாம்பையே மறுபடி கரைக்கும். நாற்பத்தைந்தாம் நாள், பூ எடுக்கிற சமயத்தில், இடுப்பளவு நின்றதை மடக்கி உழுதோம். மொட்டைத் திட்டுகளில் முழங்கால் அளவுதான். ஆனாலும் முளைத்திருந்தது.

நடவில் செய்த மாற்றங்கள் சின்னவை. திருச்சி 3 ரகம், களருக்கென்றே வந்தது. நாற்றங்காலை வடக்கு வயலில் ஆற்றுத் தண்ணீரில் விட்டோம், ஏனென்றால் களரும் போர் தண்ணீரும் அதிகம் பாதிப்பது இளம் நாற்றைத்தான். 30 நாள் நாற்று, குத்துக்கு நான்கு. ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட். தழைச்சத்தை வழக்கத்தைவிடக் கால் பங்கு கூட்டி, நான்காகப் பிரித்துக் கொடுத்தோம்.

மிக மோசமான அரை மா மூலையில் நெல்லே வேண்டாம் என்று தண்ணீர்ப்புல் நட்டுவிட்டார். இரண்டு மாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு நடந்தது

அந்த நவம்பரில் டெல்டா முழுக்கக் கனமழை. ஊரில் பல வயல்கள் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தன. தெற்குப் பங்கில் இரண்டாம் நாளே வரப்பின் உள்பக்கம் தெரிந்தது. குத்தகைக்காரர் மதகைத் தாமாகவே திறந்திருந்தார். மாவுக்கு ஆறரை மூட்டை.

2022இல் மேட்டூர் மே 24 அன்றே திறந்தது. அதற்கு முன் கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி (ஆடு மேய்ப்பவர்) ஒருவரின் ஆட்டுக்கிடையை எருவுக்காக ஐந்து இரவு போட்டார்கள். மறுபடி தக்கைப்பூண்டு, அப்புறம் சம்பா. அந்த வருடம் நடவு முடித்துக் கரையேறிய அம்மா காலைக் கழுவாமல் நின்று, வயல் தண்ணீரில் கையை விட்டுக் காட்டினார். கை ரேகை தெரிந்தது. “தெளிஞ்சிருச்சு பாருங்க” என்றார். எந்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தும் எனக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடை நேரத்து மழையில் கொஞ்சம் சாய்ந்தும் 8 மூட்டை கிடைத்தது. மே மாதம் எடுத்த மண்ணில் கார நிலை 8.5, சோடியம் நூற்றுக்கு 16. களரின் எல்லையில்தான் நிலம் நின்றது, அதைத் தாண்டி இன்னும் வெளியே வந்துவிடவில்லை.

அந்த வருடமே சோதனையும் வந்தது. அணையில் தண்ணீர் இல்லாமல் 2023 அக்டோபர் 10 அன்று மேட்டூரை மூடிவிட்டார்கள். சம்பாவுக்கு மழையும் போரும்தான். போரை மூன்று தண்ணீருக்கு மேல் விடுவதில்லை, ஒவ்வொரு தண்ணீருக்கும் பின்னால் மழை வந்தால் ஒரு முறை வடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டார். மோட்டார் தொட்டியில் ஜிப்சம் போட்டுத் தண்ணீரைச் சரிசெய்யும் முறையையும் முயன்றோம். தூள் ஜிப்சம் தொட்டியில் கெட்டியாகிவிட்டது, கட்டியாக வாங்க எங்கும் கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டு, கோடை உழவில் ஏக்கருக்குக் கால் டன் நேராக வயலில் போடுகிறார். ஏழரை மூட்டை வந்தது.

மறுபடி செய்வதானால்

போர் போட்ட அன்றே தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்வேன். லட்சக்கணக்கில் போருக்குச் செலவழிக்கிறவர்கள் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஜிப்சம் வாங்குவதற்கு முன் மழை நாளில் வயலைச் சுற்றி ஒரு தடவை நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். ஒரே விவசாயியின் இரண்டு வயல் இரண்டு மாதிரி விளைந்தால் அந்த வருடமே ஏன் என்று கேட்பேன். இந்த நிலத்தில் அந்தக் கேள்வி இரண்டு வருடம் தாமதமாக வந்தது. எந்த வயலுக்குப் போனாலும் நட்டவர்களையும் களை எடுத்தவர்களையும் கேட்காமல் இனி மருந்தோ உரமோ சொல்வதில்லை.

தீராதது ஒன்று இருக்கிறது. 2024இல் மேட்டூர் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. குறுவை வேண்டுமென்றால் போர்தான். தெற்குப் பங்கில் அவர் தக்கைப்பூண்டுதான் விட்டார். ஆனால் வடக்கு 8 மாவில் போர் குறுவை வைத்தார், வேறு வருமானம் இல்லை. அந்த வயலின் கீழ் மூலையில் சேடை ஓட்டிய தண்ணீர் இரண்டு நாளாகத் தெளியவில்லை என்று அவரே போனில் சொன்னார். மண் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். மூலைக்குப் பக்கத்தில் இன்னொரு குழாய் பதிக்க இடம் பார்த்து வைத்திருக்கிறார்.